தெளிந்த தண்ணீருக்கு எட்டுத் தகடுகள்

பெட்டியின் மேல் இருபது என்று அச்சடித்திருந்தது. நான் எண்ணியபோது பத்தொன்பது இருந்தது. பழைய செய்தித்தாளை மேசையில் விரித்துக் கொட்டி மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். மருமகன் சிரித்தார். தெஹிவளைப் பாறைகளில் நின்று தூண்டில் போடுவது அவருக்குப் புதிதாக வந்திருக்கும் பழக்கம். தூண்டில் தகடுகளை இணையத்தில் பார்த்து வரவழைத்திருந்தார். ஒன்று குறைந்தால் என்ன மாமா என்றார். அனுப்பியவன், கொண்டு வந்தவன், கீழே வாசலில் பார்சல் வாங்கி வைக்கும் காவலாளி என்று மூன்று பேரை விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவர் பேச்சை மாற்றுவதற்காக, இதில் எந்தத் தண்ணீருக்கு எந்தத் தகடு என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு தகடுகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

நீங்கள் என் வயதுக்காரர்கள். மாத்திரையை எண்ணி விழுங்குகிறவர்கள். லிப்ட் நின்றுபோனால் படிகளை எண்ணி ஏறுகிறவர்கள். எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு எழுபத்தெட்டுப் படிகள். எண்ணுகிறவன் பிழை விடுவதில்லை என்று என்னைப் போலவே நீங்களும் நம்புகிறவர்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. பெருமழை நின்று களனி ஆறு தெளிந்துவந்த மூன்று மாதங்கள். அந்த மூன்று மாதத்தில் என் எண்ணிக்கையால் ஒரு மனிதர் கள்ளன் ஆனார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அவர் கள்ளன் இல்லை.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒரு ஒழுங்கைக்குள் பதின்மூன்று வீடுகள், இரண்டு தண்ணீர்க் குழாய்கள். காற்று துறைமுகத்துப் பக்கமிருந்து வந்தால் வெங்காய மூட்டை வாசமும் கப்பல் எண்ணெய் வாசமும் சேர்ந்து வரும். அப்பா துறைமுகத்தில் கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளையும் மூட்டைகளையும் எண்ணிப் பதிவதுதான் வேலை. அவர் எண்ணிச் சொன்னால் கப்பல்காரனும் சரி, களஞ்சியக்காரனும் சரி, மறுபேச்சுப் பேசுவதில்லை. ஏதாவது குறைந்தால், கடைசியாக யார் கை பட்டதோ அவனே பொறுப்பு. இது துறைமுகத்துச் சட்டம். எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். சீனிப் போத்தல் குறைந்தால் கடைசியாகக் கரண்டி போட்டவர் யார் என்றுதான் அப்பா கேட்பார்.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு கப்பல் இஞ்சினியர் அப்பாவிடம் ஒரு புகையிலைத் தகரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குள் இருபத்துநான்கு தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு நுனியில் துளையிட்டது. கம்பியில் கோத்து, பின்னால் முள்ளைக் கட்டி, தண்ணீரில் எறிந்து இழுத்தால் தகடு சுழலும். மீன் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துத் துரத்தும். எட்டு வட்டமானவை, பித்தளை. எட்டு நீள்வட்டம், செம்பு. எட்டு இலை போல ஒடுங்கியவை, வெள்ளிப் பூச்சு. வட்டத் தகடு அகலமாக, மெதுவாகச் சுழலும். தடியைப் பிடித்திருக்கும் கையில் நாடி அடிப்பது போலத் தெரியும். தண்ணீர் கலங்கி, மீனுக்குக் கண் தெரியாதபோது அந்த அதிர்வைத்தான் அது தேடி வரும். இலைத் தகடு அதிர்வதில்லை. கம்பியோடு ஒட்டி வேகமாகச் சுழன்று மினுங்கும். தண்ணீர் தெளிந்து, வெயிலும் ஓட்டமும் இருக்கும்போது அதுதான் சரி. இரண்டும் இல்லாத தேநீர் நிறத் தண்ணீருக்கு நீள்வட்டச் செம்பு.

எந்தத் தண்ணீர் என்று எப்படித் தெரிவது? அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் கல்லைக் கட்டி, ஒரு சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் தண்ணீருக்குள் இறக்குவார். தட்டு கண்ணுக்கு மறையும்போது எத்தனை முடிச்சு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு வரை என்றால் வட்டம். மூன்று, நான்கு என்றால் நீள்வட்டம். ஐந்துக்கு மேலே இலை. குனிந்து பார்த்து எண்ணுவது என் வேலை. உனக்கு இளங்கண், நீ பார் என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும் முதல் பூசை முடிந்து முகத்துவாரத்துக்குப் போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் நின்று எண்ணினேன். ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

எங்களோடு வருகிறவர் ஆணிக்கடை நானா. முஸ்லிம் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். கடைத்தெரு முனையில் ஆணி, கயிறு, பூட்டு, பெயின்ட் விற்கிறவர். அகலமான மனிதர். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, கைவிரல்களில் எப்போதும் துருவின் நிறத்தோடு இருப்பார். அப்பாவுக்கு வேறு நண்பர் இல்லை. சொந்தக்காரர்களிடம் அப்பா கதைத்து நான் பார்த்ததே கொஞ்சம். நானாவிடம் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார், அதுவும் தகடுகளைப் பற்றி. தெளிந்த தண்ணீரில் வெள்ளி மினுங்கினால் மீன் மிரளும், மங்கின சின்னத் தகடு போதும் என்பது நானாவின் கட்சி. அப்பா என் கொப்பியைத் திறந்து காட்டுவார்.

"கிளாக்கர், உங்கட கொப்பிய மீனுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று நானா கேட்பார். "தெரிஞ்சா அது உங்களுக்கு மேல படிச்ச மீனாத்தான் ஈக்கும்."

அப்பா சிரிப்பார். எங்கள் வீட்டில் அப்பா சிரித்த எண்ணிக்கையை என்னால் இன்றும் சொல்ல முடியும். ஆற்றங்கரையில் சிரித்ததற்குத்தான் கணக்கில்லை.

ஒரு ஞாயிறு. தங்கூசி நூலின் நுனியைத் தகட்டுக் கம்பியின் வளையத்துக்குள் அப்பா கோத்துக்கொண்டிருந்தார். நான்கு தரம் தவறியது. ஐந்தாம் தரம் நானா அதை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, ஒரு கண்ணாடி போட்டுப் பார்க்கலாமே, தன் மச்சானுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்றார். வெயில் கூச்சம் என்றார் அப்பா. அன்று வானம் முழுக்க முகில் மூடியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். நானா துறைமுகத்து ஹாபர் ஒபிசுக்கு எந்த நாளில் கயிறு கொண்டு போகிறவர்? வியாழன் என்றேன். அங்கே அப்பாவுக்கு மேலே இருக்கும் பெரிய கிளார்க்கோடு கதைக்கிறவரா? அது எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது.

மழை முழுதாக விட்டது. ஆறு தெளிந்தது. ஐந்து முடிச்சு, ஆறு முடிச்சு என்று தட்டு ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இலைத் தகடுகளுக்கான காலம் வந்துவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் பெட்டியைத் திறந்து எண்ணினேன். வட்டம் எட்டு. நீள்வட்டம் எட்டு. இலை ஆறு.

அன்றிலிருந்து நான் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களின் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். மண்ணெண்ணெய்க்காரனைச் சந்தேகித்தேன். அவன் குசினிக் கதவைத் தாண்டி வருவதில்லை. பக்கத்து வீட்டு அன்ரியைச் சந்தேகித்தேன். அவர் வந்த நாட்களில் நான் வீட்டில் இருந்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வந்தவர், நாள், எவ்வளவு நேரம், தகரப்பெட்டி இருந்த அலுமாரியிலிருந்து எத்தனை அடி தூரம் என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமை இலை நான்கு. இரண்டிரண்டாகப் போனதுதான் என்னைக் கூடுதலாக உறுத்தியது. ஆசையில் எடுக்கிறவன் ஒன்றை எடுப்பான், இரண்டு எடுக்கிறவன் யோசித்து எடுக்கிறவன் என்று முடிவு செய்தேன். கொப்பியின்படி அலுமாரிக்கு மூன்று அடிக்குள் இருந்தவர் ஒருவர். புதன்கிழமைகளில் முள் கொண்டுவந்து கொடுத்து, கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துப் போகும் நானா.

அப்பாவிடம் கொப்பியைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். பிறகு என்னிடமே தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நன்றாக எண்ணினாயா என்று கேட்டார். மூன்று தரம் என்றேன். அவர் கோபப்படவில்லை என்பது எனக்கு அப்போது ஏமாற்றமாக இருந்தது. மூச்சை விட்டு, கதிரையில் சாய்ந்தார். தலைவலி விட்ட மனிதர் போல இருந்தது. இந்த ஒரு காட்சியைத்தான் நான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அடுத்த ஞாயிறு தண்ணீர் ஏழு முடிச்சுக்குத் தெளிந்திருந்தது. நானா முதல் எறிதலிலேயே ஒரு கொடுவா பிடித்தார். முழங்கை நீளம். அவருடைய முள்ளுக்கு முன்னால் தொங்கியது ஒரு வெள்ளி இலை.

"தோத்துட்டேன் கிளாக்கர்," என்றார். "உங்கட கொப்பிதான் சரி. வீட்டுல ஒரு கரண்டிக் காம்ப அறுத்து, தட்டி, இத செஞ்சேன். பொஞ்சாதி ஏசுறா."

அப்பா கையை நீட்டினார். நானா முள்ளைக் கழற்றித் தகட்டைக் கொடுத்தார். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பெருவிரலால் மேற்பக்கத்தைத் தடவினார். திருப்பி, குழிந்த உட்பக்கத்தைத் தடவினார். அங்கே விரல் ஒருமுறை நின்று, மறுபடி தடவியது. நான் அவர் முழங்கைக்குக் கீழே நின்றேன். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உட்பக்கத்தில் கரண்டிக் கொம்பனியின் எழுத்து பொறித்திருந்தது. இரண்டு எழுத்து முழுதாக, மூன்றாவது பாதியில் அறுபட்டு. எங்கள் தகடுகளின் உட்பக்கம் மொட்டை.

"இது என்ட," என்றார் அப்பா.

நானா அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பெட்டியில் நான்கு குறைகிறது, பொடியன் மூன்று தரம் எண்ணியிருக்கிறான், வீட்டில் அந்த அலுமாரிக்குக் கிட்டப் போனவர் நீங்கள் ஒருவர்தான் என்று, துறைமுகத்தில் மூட்டை குறைந்தவனிடம் சொல்வது போலச் சொன்னார். குரல் உயரவில்லை.

நானா கையிலிருந்த தடியை மணலில் கிடத்தினார். பிறகு தன் தூண்டில் பெட்டியைத் திறந்து அப்பாவின் முன்னால் மணலில் வைத்தார்.

"எண்ணுங்க. பொடியன் வேணாம். நீங்க எண்ணுங்க."

அப்பா குனியவில்லை. கொடுவா மணலில் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. நானா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. எனக்கு விடை தெரியும். எழுத்து இருக்கிறது என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சொன்னால் என் கொப்பி பிழை என்று ஆகிவிடும். அதுவரை என் எண்ணிக்கையில் ஒருவரும் பிழை கண்டதில்லை. நான் தண்ணீரைப் பார்த்தேன்.

நானா பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, மீனை விட்டுவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். அப்பா அந்தத் தகட்டைக் கொண்டுவந்து எங்கள் பெட்டியில் போட்டார். இலை ஐந்து என்று கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஒழுங்கைக்குள் கதை மூன்று நாளில் பரவியது. நான்தான் பக்கத்து வீட்டு அன்ரியின் மகனிடம் சொன்னேன். ஆணிக்கடையில் நிறுத்து வாங்கினவர்கள் தராசைக் குனிந்து பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பூட்டு வாங்கினால் நானாவிடம் இன்னொரு சாவி இருக்கும் என்று ஒருவர் சிரித்தாராம்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானாவிடம் இருந்தது அவரே கரண்டியில் செய்த தகடு என்பது எனக்குத் தெரியும், ஆகவே எங்கள் நான்கும் வேறு எங்கேயோ இருக்க வேண்டும். தம்பி தங்கைகள் மூவருக்கும் அலுமாரி எட்டாது. இனிமேல் சந்தேகிக்க வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு ஆள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா முக்காட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது இருபது அடி விட்டுப் பின்னால் போனேன்.

பெரிய கோயிலில், கண் வருத்தத்துக்கு மன்றாடுகிற புனிதையின் சுரூபத்துக்குப் பக்கத்தில், சிவப்பு வெல்வெட் துணி விரித்த ஒரு பலகை உண்டு. நேர்த்தி வைத்தவர்கள் வெள்ளித் தகட்டில் வெட்டிய கண்களைச் சோடி சோடியாக அதில் குத்துவார்கள். வாசலில் ஒரு மனுசி விற்பாள். அம்மா முழந்தாளிட்டிருந்த இடத்துக்கு நேரே, மற்றக் கண்களுக்கு நடுவில், துளையில் சிவப்பு நூல் கட்டி இரண்டு சோடி இலைத் தகடுகள் தொங்கின. நான்கு. மற்றக் கண்கள் அசையாமல் இருந்தன. இவை மட்டும், செய்த வேலைக்கு ஏற்றபடி, காற்றில் மெல்லத் திரும்பித் திரும்பி மினுங்கின.

அம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"அப்பாட கண் போகுது மகன். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். கப்பல் பெட்டியில பொறிச்சிருக்கிற எழுத்தத் தடவித் தடவித்தான் இப்ப வேலை செய்யிறார். ஹாபருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிப் போடுவாங்கள்."

வாசலில் விற்கிற கண்ணை வாங்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"வாங்கினா அவள் ஆருக்கெண்டு கேப்பாள். அவளிட மகனும் ஹாபரிலதான்."

முதல் சோடியை வைத்தும் ஒன்றும் ஆகாததால் இரண்டாவது சோடியை வைத்தாராம். நானா பழி சுமப்பது அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொன்னபோது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டும் என்றார். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே என்று சுரூபத்தின் முன்னால் சத்தியம் வாங்கினார்.

அம்மா வாங்கின சத்தியம் அப்பாவுக்குத்தான், நானாவுக்கு இல்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டியிலிருந்து கரண்டித் தகட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நானா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் போகும்வரை நின்று, தகட்டைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்றேன்.

"அப்பா அனுப்பினாரா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

நானா தகட்டைத் தொடவில்லை. "அண்டைக்கி அவரு இதத் தடவிப் பாத்தாரே. உள்பக்கமும் தடவினாரா? நான் நிண்ட பக்கத்துக்குத் தெரியல்ல."

"ஓம். ரெண்டு தரம்."

அவர் தராசின் வெறும் தட்டைக் கையால் நிறுத்தினார். அது ஆடிக்கொண்டிருக்கவில்லை.

"அப்ப இத நீ கொண்டு போகோணும். அவரு தந்தா நான் எடுப்பேன். நீ கொண்டந்தா இது களவு, மகன்."

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. திரும்ப எடுத்துப் போய்ப் பெட்டியில் போட்டேன். இலை ஐந்து.

விளங்க எனக்கு ஐம்பது வருடம் எடுத்தது. மரப்பெட்டியில் பொறித்த எழுத்தைத் தடவி வாசித்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு விரல், கரண்டியில் பொறித்த எழுத்தில் நின்று, திரும்பவும் போய்ப் பார்த்தது. அப்பாவுக்குத் தெரிந்தேதான் இருக்க வேண்டும். அவருக்கு யாரோ ஒரு கள்ளன் தேவைப்படவில்லை. நூலை வாங்கிக் கோத்துக் கொடுத்தவர், கண்ணாடி போடச் சொன்னவர், வியாழக்கிழமைகளில் ஒபிசுக்குப் போகிறவர், அவர் கிட்ட வராமல் இருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் அதை நாள், நேரம், அடிக் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என் அப்பாவைச் சந்தேகிக்கிறேன், அவ்வளவுதான். இந்த வயதில் அது ஒரு நல்ல வேலை இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மீன் பிடிக்கப் போகவில்லை. அடுத்த வருடம் பெரிய கிளார்க் தானாகவே கண்டுபிடித்தார். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண்ணில் படர்ந்திருந்ததை எடுத்தார்கள். ஆறு கிழமை லீவு. திரும்பிப் போனபோது அதே மேசை, அதே கதிரை. அப்பா பயந்த ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்து செய்தவை மட்டும் நடந்தபடியே இருந்தன.

தடித்த கண்ணாடி போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்பா வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைத்தெருப் பக்கம் திரும்பினார். என்னையும் வரச் சொன்னார். வெள்ளைச் சேட்டு, காலையில் இரண்டாம் முறை வழித்த முகம். வழி நெடுக விளம்பரப் பலகைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். சின்ன எழுத்துகளையும் வாசித்தார். ஆணிக்கடைக்கு எதிர்ப்பக்கத்தில் வந்ததும் நின்றார். கடை திறந்திருந்தது. நானா உள்ளே ஸ்டூலில் இருந்து ஒரு கயிற்றுச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார். எங்களைக் கண்டார். கயிற்றைக் கீழே வைத்தார்.

இரண்டு பஸ் போனது. ஒரு கைவண்டி போனது. அப்பா கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியில் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"கடையில சனம் கூட," என்றார். "பிறகு வருவம்."

திரும்பி நடந்தார். நான் பின்னால் போனேன். கடையில் இருந்தவர் ஒரே ஒரு ஆள்.